வலையில் ஏறிய அவரை

அமுதா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு நான் வெகுநேரம் பின்பக்கம் நின்றுகொண்டிருந்தேன். கை பம்புக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவில் இருக்கிற அந்த நாலடி இடத்தைத்தான் நாம் தோட்டம் என்று சொல்லிக்கொள்கிறோம். இந்த வருஷமும் அவரை நன்றாக ஏறியிருக்கிறது. மேல் வரிசையில் கொத்துக் கொத்தாகக் காய் தொங்குகிறது. "நைனா, நம்ம அவரை வெதைய ஒரு படி எடுத்து வையி, பொங்கலுக்கு வரும்போது எடுத்துனு போறேன்" என்றாய். உப்பு மண்ணில் பதினைந்து வருஷமாகக் காய்க்கிற அவரை என்று உன் மேடத்திடம் சொல்லிவிட்டாய் என்றும், அதையே உன் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளப் போகிறாய் என்றும் சொன்னாய். நான் "சரிம்மா" என்று மட்டும் சொன்னேன். உன் அம்மா நண்டு ஆய்ந்துகொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இப்பவாவது சொல்லப் போறியா, இல்ல அந்தப் புள்ளைய நாலு பேர் முன்னால நிக்க வெக்கப் போறியா?" என்று கேட்டாள். போனில் சொல்ல எனக்கு வாய் வராது. எட்டாவதோடு படிப்பை விட்டவன்தான் என்றாலும் எழுதத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

ஆறு மாதத்துக்கு முன்னால் நீ ஒரு பள்ளிக்கூடத்தில் பேசின வீடியோவை அனுப்பினாய் அல்லவா, அதை நானும் உன் அம்மாவும் பார்த்தோம். பிள்ளைகளெல்லாம் தரையில் உட்கார்ந்து உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏரிக்கரையில் ஐந்து விதை போட்டேன், மூன்று முளைத்தது, அன்றைக்குத்தான் இந்தப் படிப்பு படிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன் என்று சொன்னாய். அதோடு விட்டிருந்தால் தேவலை. "ஊர்ல எல்லாரும் வராதுன்னு சொன்னாங்க, எங்க அப்பா மட்டும் வரும்னு நம்பினாரு" என்றாய். அம்மா வீடியோவை மறுபடி பார்க்கக் கேட்டாள். நான் போனை அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அமுதா, நான் நம்பவில்லை. அது முளைக்கக் கூடாது என்று காத்துக்கொண்டிருந்தவன் நான்தான்.

அது நீ ஆறாவது சேர்ந்த வருஷம். ஆனி மாதம் உன் அம்மாவுக்குப் பொன்னேரியில் ஆபரேஷன் ஆனது. மூன்று மாதம் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நானும் அவளும் சேர்ந்து உப்புத் தண்ணீர் ஏரியில் இறங்கினால்தான் நம் வீட்டில் உலை வைக்க முடியும். முட்டி போட்டு நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிற வேலைக்கு எத்தனை கை இருக்கிறதோ அத்தனை நல்லது. அதனால் உன்னை அழைத்துக்கொண்டு போனேன். முதலில் சனி, ஞாயிறு. அப்புறம் வெள்ளியும் சேர்ந்தது. அப்புறம் நான் கிழமை பார்க்கவில்லை. உனக்கு அது சந்தோஷமான ஞாபகம் என்று எனக்குத் தெரியும். இறால் போடும் பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் என் பின்னாலேயே வருவாய். என் கை போகாத பள்ளங்களில் உன் சின்னக் கை போகும். கரை ஏறினதும் இரண்டு பறியையும் எட்டிப் பார்த்துவிட்டு, "நைனா, உன்னுதவிட என்னுது ஜாஸ்தி" என்பாய். எனக்குப் பெருமையாக இருந்தது. பக்கத்தில் இறால் பிடிப்பவர்களிடமெல்லாம் சொன்னேன். இவ்வளவு கைராசி உள்ள பெண் எதற்குப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து கிடக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பெருமையிலிருந்துதான் வந்தது. வறுமையினால் உன்னை நிறுத்த நினைத்தேன் என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். பாதிதான் அது. மீதிப் பாதி என் பெருமை.

ஆடி பிறந்த வாரம், நீ காய்ச்சலில் வீட்டில் இருந்த ஒரு நாள், நான் உன் வனஜா டீச்சரைப் போய்ப் பார்த்தேன். இது உனக்குத் தெரியாது. டீச்சர் வகுப்பில் தனியாக உட்கார்ந்து மீந்துபோன அவரை விதைகளைக் காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தார். "பொண்ண நிறுத்திக்கலாம்னு கீறேன் டீச்சர், ஊட்டுல முடியல" என்றேன். அவர் திட்டுவார் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். திட்டினால் பதிலுக்குப் பேசிவிட்டு வந்துவிடலாம். அவர் திட்டவில்லை. "நேத்து எல்லாப் பிள்ளைங்களுக்கும் அஞ்சஞ்சு விதை குடுத்தேன், வீட்டுல போட்டு காய்க்கிற வரைக்கும் நோட்டுல எழுதணும்னு. ஏரிக்கரை பிள்ளைங்களுக்கு மட்டும், உங்க மண்ணுல வராது, நீங்க கிளிஞ்சல் சேத்துனு வாங்கன்னு சொன்னேன். உங்க பொண்ணு எழுந்து, எனக்கும் விதைதான் வேணும்னு கேட்டு வாங்கிட்டுப் போயிருக்கா" என்றார்.

"மொளைக்காது டீச்சர். அங்க உப்புல வர்ற உமரிச் செடியத் தவிர ஒண்ணும் வராது."

"எனக்கும் தெரியும். ஆனா கேட்டாளே." கையிலிருந்த பொட்டலத்தை மடித்து முடித்தார். பிறகு, "ஒண்ணு பண்ணுங்க. அது முளைச்சா, காய்க்கிற வரைக்கும் அவள அனுப்புங்க. முளைக்கலன்னா உங்க இஷ்டம். நான் வீட்டுக்கு வந்து கேக்க மாட்டேன்" என்றார்.

நான் உடனே ஒத்துக்கொண்டேன். ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள், அதற்குள் இந்தப் பேச்சு முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். நம் மண்ணைப் பற்றி டீச்சரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

காய்ச்சல் விட்ட அன்றைக்கே நீ பள்ளம் தோண்டினாய். மண்ணிலிருந்து கிளிஞ்சல் துண்டுகளைப் பொறுக்கி எறிந்தாய். கோழி கிளறாமலிருக்க முருங்கைக் குச்சிகளை ஒடித்துச் சுற்றிலும் நட்டாய். பம்புத் தண்ணீரை ஊற்றினாய். வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீர் அது, எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. அப்புறம் தினமும் விடிந்ததும் முகம்கூடக் கழுவாமல் அந்தப் பள்ளத்துக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவாய். "இன்னாம்மா, வந்துச்சா?" என்று கேட்பேன். "இல்ல நைனா" என்பாய். உன்னைச் சமாதானம் செய்யவும் இல்லை, தடுக்கவும் இல்லை. நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

எட்டாம் நாள் நீ பள்ளிக்கூடம் போன பிறகு, முடிந்ததா என்று பார்க்க விரலால் கிளறினேன். ஐந்தும் ஊதி, தோல் கழன்று, பிசுபிசுவென்று அழுகிக் கிடந்தன. மூடிவிட்டு எழுந்தேன். பம்பு மேடையில் உன் நோட்டு இருந்தது, அவசரத்தில் விட்டுப் போயிருந்தாய். எடுத்துப் பிரித்தேன். முதல் நாள்: ஒன்றும் இல்லை, நாளைக்கு வரும். இரண்டாம் நாள்: ஒன்றும் இல்லை, நாளைக்கு வரும். ஏழு நாளும் அப்படியே எழுதியிருந்தாய். எட்டாம் நாளும் அதையே எழுதிவிட்டு, பக்கத்தில் சின்னதாக ஒரு செடி வரைந்திருந்தாய். இரண்டு இலை. நான் அந்த மேடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு எந்தப் புத்தியும் வந்துவிடவில்லை, பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. நீ சாயந்திரம் வந்து மறுபடி அங்கே உட்காருவாய், நான் மறுபடி "வந்துச்சா" என்று கேட்க வேண்டும், அதை என்னால் செய்ய முடியாது என்று மட்டும் தோன்றியது.

சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறி திருப்பாலைவனம் போனேன். அங்கே தனலட்சுமி அக்கா என்று ஒருவர். நெல் விவசாயக் குடும்பம். நண்டு கொண்டுபோய்க் கொடுத்தால் அரிசி அளந்து கொடுப்பார். அவர் வீட்டுக் கிணற்றடியில் வருஷா வருஷம் அவரைப் பந்தல் போடுவது எனக்குத் தெரியும். "அக்கா, அவரை நாத்து ரெண்டு மூணு குடு, இப்பதான் மொளைச்ச மாதிரி சின்னதா இருக்கணும்" என்றேன். என்ன, ஏது என்று கேட்டார். சொன்னேன். உன்னை நிறுத்தப் போகிறேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

"ஏன்பா, நிறுத்தணும்னும் சொல்ற, நாத்தும் கேக்குற. இன்னாதான் உன் மனசுல?"

"தெரியலக்கா."

அவர் மூன்று நாற்றை வேரோடு எடுத்துக் கொட்டாங்குச்சியில் வைத்தார். "நாத்த மட்டும் நட்டா உங்க ஊர்ல ரெண்டு நாள்ல செத்துப்பூடும். மண்ணையும் எடுத்துனு போ" என்று, வயல் மண்ணையும் எருவையும் கலந்து ஒரு சாக்கு நிறையக் கட்டிக் கொடுத்தார். பஸ்ஸில் கண்டக்டர் மூட்டையைக் காலால் தட்டி, "இன்னாய்யா இது?" என்றார். "மண்ணு" என்றேன். "மண்ண எடுத்துனு ஏரிக்குப் போறியா?" என்று சிரித்தார். பஸ்ஸே சிரித்தது. கொட்டாங்குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து உன் பள்ளத்தை முழங்கை ஆழத்துக்குத் தோண்டி, பழைய மண்ணை அள்ளி எறிந்துவிட்டு, கொண்டுவந்ததைக் கொட்டி, மூன்று நாற்றையும் நட்டேன். மேலாக நம் மணலைத் தூவினேன், உனக்கு வித்தியாசம் தெரியக் கூடாது என்று. உன் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். அப்போது அவளுக்கு நிமிர்ந்து நடக்க முடியாது.

"அவள நிறுத்தப் போறேன்னு நீதானே சொன்ன?"

"ஆமா."

"அப்ப இது இன்னாத்துக்கு?"

நான் நாற்றைச் சுற்றி மண்ணை அணைத்தேன். "வேருகிட்ட நல்லா அழுத்து, காத்து போவுது பாரு" என்றாள்.

சாயந்திரம் நீ வந்தாய். பையைக்கூடக் கழற்றவில்லை. நான் பக்கத்து வலைக்காரர் வீட்டுப் பக்கம் வேலை இருக்கிறது போல நின்றுகொண்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கத்துவாய், குதிப்பாய் என்று நினைத்தேன். நீ கத்தவில்லை. உட்கார்ந்து, குனிந்து, மூச்சு பட்டால் வாடிவிடும் என்பது போல வாயைக் கையால் பொத்திக்கொண்டாய். பிறகு என்னிடம் வந்து, "நைனா, மூணு" என்றாய். அவ்வளவுதான். அந்த முகத்தைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, பதினைந்து வருஷமாகவும் வரவில்லை.

அந்த ஐந்து மாதத்தைப் போல ஒரு காலம் நம் வீட்டில் அதற்கப்புறம் வரவில்லை. நீ பள்ளிக்கூடம் போனதும் பம்புத் தண்ணீர் ஊறிய மேல்மண்ணை நான் சுரண்டி எடுத்துவிட்டு, லாரியில் பிடித்த குடிதண்ணீரில் ஒரு சொம்பு ஊற்றுவேன். உன் அம்மா அரிசி களைந்த தண்ணீரை எடுத்து வைப்பாள். கொடி வீசத் தொடங்கினதும் பந்தல் போட நம்மிடம் மூங்கில் இல்லை. வலைக்காரரிடம் ஒரு கிழிந்த வலையை வாங்கி முருங்கை மரத்திலிருந்து கூரைக் கழி வரை கட்டினேன். கொடி ஒவ்வொரு கண்ணாக நுழைந்து ஏறியது. "எங்க வலையில மீனுதான் மாட்டும், உங்க வலையில இன்னா மாட்டப் போவுதோ" என்று அவர் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போவார். ஐப்பசி மழையில் உப்பு இறங்கி மண் கொஞ்சம் இனித்தது. கார்த்திகையில் ஊதாப் பூ வைத்தது. பூவில் கறுப்பாகச் செடிப்பேன் அடைந்தபோது நீ அழுதுவிட்டாய். உன் அம்மா அடுப்புச் சாம்பலை முறத்தில் எடுத்துவந்து விடிகாலைப் பனியோடு தூவினாள், இரண்டு வாரத்தில் சரியானது. மார்கழியில் முதல் காய்.

காயை இழுத்துப் பறிக்காதே, காம்பை நகத்தால் கிள்ளி எடு, கொத்து நின்றால் அதிலேயே திரும்பப் பூக்கும் என்று தனலட்சுமி அக்கா எனக்குச் சொன்னதை நான் சொந்தமாகத் தெரிந்தது போல உனக்குச் சொன்னேன். நீ ஸ்டூல் போட்டு ஏறி ஒவ்வொன்றாகக் கிள்ளி உன் பாவாடையில் போட்டாய். அன்றைக்கு அவரைக்காயும் கருவாடும் போட்டு உன் அம்மா குழம்பு வைத்தாள். ஆபரேஷனுக்கு அப்புறம் அவள் முதல் தடவையாக நின்றுகொண்டே சமைத்தது அன்றைக்குத்தான். மூன்று பேரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். குழம்பில் இருந்த காயை நீ எடுத்துப் பிளந்து, உள்ளே இருக்கிற விதையைப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டாய்.

பொங்கலுக்கு முந்தின வாரம் வனஜா டீச்சர் பார்க்க வந்தார். நீ அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய் ஒவ்வொரு கொத்தாகக் காட்டினாய். அவர் குனிந்து வேர்ப்பக்கம் ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் தேய்த்துப் பார்த்தார். மணலுக்குக் கீழே கறுப்பு மண். நீ டீ கொண்டுவர உள்ளே போனபோது, "இது வயல் மண்ணு" என்றார். "ஆமாங்க" என்றேன். "எப்ப சொல்லப் போறீங்க?" என்றார். "சொல்றேங்க" என்றேன். அவர் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "காய்க்கிற வரைக்கும்னு சொன்னேன். காய்ச்சிடுச்சு" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அடுத்த வருஷமும் காய்க்குங்க" என்றேன். மாசியில் கொடி ஓய்ந்தது. பேச்சை நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. நீ ஏழாவது போனாய்.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே வேண்டியதில்லை. நீ விதைக்கு விட்ட காய்களை உலர்த்தி, சாம்பலில் புரட்டி வைத்தாய். அடுத்த ஆடியில் அதே பள்ளத்தில் போட்டாய். அதனால் நானும் ஒவ்வொரு சித்திரையிலும் திருப்பாலைவனம் போய் ஒரு சாக்கு மண் கொண்டுவந்து மாற்றிக்கொண்டிருந்தேன். நான்கு வருஷம் அப்படி. நீ பொன்னேரியில் ஹாஸ்டலில் சேர்ந்த வருஷம் என் காலில் கெளுத்தி மீன் முள் ஏறிச் சீழ் வைத்து இரண்டு மாதம் படுத்துவிட்டேன் அல்லவா, அந்த வருஷம் மண் மாற்றவில்லை. உன் அம்மா இருந்த மண்ணிலேயே ஒரு கைப்பிடி விதையைப் போட்டாள். நான்கு செடி தேறியது. இலை ஓரமெல்லாம் கருகிக் கிடந்தது, ஆனால் காய்த்தது. அதிலிருந்து எடுத்த விதையைத்தான் பிறகு போட்டு வருகிறோம். அதற்கப்புறம் நான் மண் கொண்டுவரவேயில்லை. இப்போது தொங்குகிற காய் அந்த வழியில் வந்ததுதான். இது மண் செய்த வேலையா, விதை செய்த வேலையா, மழையா என்று எனக்குத் தெரியாது. பள்ளத்துக்கு வெளியே, வேலியோரம் உமரி முளைக்கிற இடத்தில், உனக்குச் சொல்லாமல் இரண்டு வருஷம் விதை போட்டுப் பார்த்தேன். முதல் வருஷம் ஒன்றும் வரவில்லை. போன வருஷம் ஒன்றே ஒன்று வந்தது. முழங்கால் உயரம் ஏறி, பூக்காமலே காய்ந்துவிட்டது. இதையும் நீ எழுதிக்கொள்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். இத்தனை வருஷமாக நான் உன்னை மட்டும்தான் ஏமாற்றினேன் என்று நினைத்திருந்தேன். உன் போனுக்கு அப்புறம்தான் இன்னொருவரும் ஞாபகம் வந்தார். நீ எந்த மேடையில் பேசினாலும் தனலட்சுமி அக்கா பெயர் வரவில்லை. உனக்குத் தெரிந்தால்தானே வரும். அவர் விதை, அவர் மண், அவர் சொன்ன பக்குவம். எல்லாவற்றையும் நான் என் பெயரில் உனக்குக் கொடுத்துவிட்டேன். நாளைக்கு நீ பெரிய பெரிய ஆட்களோடு வேலை செய்வாய். ஒரு விதை உன் கைக்கு வந்தால், அது யார் கையிலிருந்து வந்தது என்று கேட்டு, முதலில் அந்தப் பெயரை எழுது. மேடத்திடம் இந்தக் கதையைத் திருத்திச் சொல்ல உனக்கு வெட்கமாக இருக்கலாம். என் அப்பா பொய் சொல்லிவிட்டார் என்று சொல். உள்ளது அதுதானே.

புதன்கிழமை நான் திருப்பாலைவனம் போய் வந்தேன். அக்காவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை, குரலை வைத்துத்தான் என்னை அடையாளம் கண்டார். நீ அவரையைப் பற்றிப் படிக்கிறாய் என்று சொன்னேன். "அவரைல படிக்க இன்னா கீது? போட்டா வருது, காய்ச்சா தின்றோம்" என்றார். பிறகு, "அப்ப புள்ளைய நிறுத்தல நீ" என்றார். "இல்லக்கா" என்றேன். சிரித்துக்கொண்டே மருமகளைக் கூப்பிட்டு, பரண் மேலிருந்து விதைப் பானையை இறக்கச் சொன்னார். அதே விதைதான், ஒரு வருஷமும் விடாமல் அந்தக் கிணற்றடியிலேயே போட்டு வருகிறார்களாம். இரண்டு படி கொடுத்தார். இப்போது என்னிடம் இரண்டு பொட்டலம் இருக்கிறது. ஒன்றில் "திருப்பாலைவனம், தனலட்சுமி அக்கா" என்றும், இன்னொன்றில் "நம் வீடு" என்றும் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டும் கலந்துவிடாமல் தனித்தனி டப்பாவில் போட்டிருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் வித்தியாசம் ஏதாவது இருக்கிறதா, இல்லை எல்லாம் நான் கொட்டின மண்ணின் வேலையா என்று கண்டுபிடிக்க உனக்கு வழி தெரிந்திருக்கும். ஒன்றுமில்லை என்று வந்தால் ஒன்றுமில்லை என்றே எழுது.

இதை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நான் பள்ளிக்கூடம் போய் உன்னை நிறுத்தப் போவதாகச் சொன்ன இடத்தில் அவள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். முடிந்ததும், "கோவம் வந்தா போன்ல வேணாம்னு எழுது. போன்ல திட்டினா நீ சிக்னல் இல்லன்னு வெச்சிடுவ. நேர்ல வந்து திட்டட்டும்" என்றாள். அவள் சொன்னது சரி. நீ பொங்கலுக்கு வருகிற அன்றைக்கு எப்போதும் போலப் பொன்னேரி ஸ்டேஷனில் காலையிலேயே வந்து நிற்பேன். என்னிடம் பேசத் தோன்றாவிட்டால் பேச வேண்டாம், பஸ் ஸ்டாண்டு வரை முன்னால் நடந்து போ. பையை மட்டும் என்னிடம் கொடுத்துவிடு.

உன் நைனா